முப்பத்தைந்து கிராம்

சுங்கத்தில் பார்சலைக் கிழித்தவன்
ஒரு பித்தளைத் தகடு, எட்டுச் சக்கரம்,
கடுகளவு திருகாணிகள் பார்த்துவிட்டு
"ஷினு ஹாதா?" என்றான்.
தெரிந்த அரபியில் "கிதார்" என்றேன்.
ரயில் என்று அவனுக்குப் புரிந்தது, சிரித்தான்.
வரிசையில் பின்னால் நின்ற திருவாடானைக்காரர்தான்
"கிதாரா? நரம்பெல்லாம் எங்க தம்பி?" என்றார்.

தண்டவாளமே இல்லாத நாடு.
மங்காஃபில் எங்கள் அறை பன்னிரண்டடி.
ஒருநாள் நூற்றறுபதால் பெருக்கிப் பார்த்தேன்,
இருபத்து நான்கு பெட்டி நிற்கும் நடைமேடை.
ஐந்து பேர் குடியிருக்கிறோம்.
வாடகை பிந்தினால் மட்டும் ஹாரிஸ்
டிக்கெட் பரிசோதகர் முகத்தோடு வருவார்.

எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை.
புது ஃபிரேமுக்குள் பவர் இல்லாத பிளாஸ்டிக் வில்லை வரும்,
வாங்கியவரின் பார்வை தெரிந்ததும் கழற்றி எறிவோம்.
எறியாமல் சட்டைப்பையில் சேர்த்தேன்.
யாருடைய கண்ணுக்கும் பொருந்தாதது
ஜன்னலுக்குப் பொருந்தியது.
ஒட்டும்போது சூப்பர் குளூவின் ஆவி பட்டு
இரண்டு ஜன்னல் வெளுத்துப்போயின.
வெளியே நாற்பத்தெட்டு டிகிரி,
மூன்றாம் பெட்டியில் மட்டும் பனிமூட்டம்.
பக்கத்துக் கட்டில் ரொடெல் குனிந்து பார்த்து
"பாகியோ" என்றான். அவன் நாட்டுக் குளிர்மலையாம்.
துடைத்தாலும் போகாது என்றேன்.
துடைக்காதே என்றான்.

ஜல்லிக்கு மணலா பஞ்சம்?
டீ வடிகட்டியில் சலித்து, பசை கலந்து
தண்டவாளத்தின் இருபுறமும் தூவினேன்.
அந்த வாரமே புழுதிக்காற்று ஏசி வழியாக நுழைந்து
இன்னொரு பூச்சு இலவசமாகத் தூவிவிட்டுப் போனது,
எஞ்சினின் பல்சக்கரம் வரைக்கும்.

மேல்கட்டில் என்னுடையது.
இரவானால் மெத்தையைச் சுருட்டிவிட்டு
பிளைவுட்டை விரிப்பேன்.
எல்லாம் சரியாகத்தான் ஓடும்,
மேற்கு வளைவில் மட்டும்
மூன்றாம் பெட்டி தடம் புரளும்.
சக்கரத்தை அரத்தால் தேய்த்தேன்.
இணைப்பை லூப் வைத்துப் பார்த்தேன்.
எடை போதவில்லையோ என்று
டயர் கடையில் ஈயத் துண்டு வாங்கி அடியில் ஒட்டி
எதிர்க் கடை நகைத் தராசில் நிறுத்தேன்.
முப்பத்தைந்து கிராம்.
"எத்தனை கேரட்?" என்று கேட்டார் ஜிக்னேஷ் பாய்.
அப்புறமும் புரண்டது.

பன்னிரண்டாம் நாள் பிடிபட்டது.
கீழ்க்கட்டிலில் அருள்தாசன்,
தொண்ணூற்று நான்கு கிலோ.
குப்பூஸ் வண்டி ஓட்டுகிறவர்,
நள்ளிரவு ஒரு மணிக்குக் கிளம்பவேண்டும் என்பதால்
ஏழு மணிக்கே உறங்கிவிடுவார்.
இடப்பக்கம் திரும்பிப் படுத்தால்
கட்டில் ஒரு மயிரிழை சாயும்.
அந்த மயிரிழைதான் மேற்கு வளைவு.

அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் பாவம், புரளாமலே கிடப்பார்.
கால அட்டவணையைத்தான் மாற்றினேன்:
அவர் மல்லாந்தால் விரைவு வண்டி,
வலப்பக்கம் என்றால் பாசஞ்சர்,
இடப்பக்கம், சேவை ரத்து.
குறட்டை நின்றால் சிக்னல் சிவப்பு.

ஆடியில் அவர் லீவில் போனார்.
முதல் ராத்திரி நூற்றெண்பது சுற்று,
ஒரு குலுக்கல் கூட இல்லை.
இரண்டாம் ராத்திரியும் அப்படியே.
நான்காவது இரவு வண்டி ஓட ஓட
போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆறாவது இரவு ஒரு தீப்பெட்டியை நசுக்கி
கட்டில் காலுக்கடியில் செருகினேன்.
மூன்றாம் பெட்டி சாய்ந்தது,
நான் சாயச் சொன்ன இடத்தில்.
அதில் என்ன இருக்கிறது,
உருவி எறிந்தேன்.

நாற்பத்தைந்து நாள் கழித்து வந்தார்,
கன்னம் உப்பி, எடை கூடி.
குளித்தார், படுத்தார், இடப்பக்கம் திரும்பினார்.
நான் வண்டியை நிறுத்தவில்லை.

"என்னப்பா விழுந்துச்சு?"
கண் திறக்காமலே கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே, ஸ்க்ரூ.
நீங்க தூங்குங்க."